எதுவரை

மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண்.
ஓட்டுநர் எதையும் படிப்பதில்லை.
கை பாட்டுக்கு ஒடிக்கிறது,
ஹாரன் பாட்டுக்கு அடிக்கிறது.
மடியில் லேப்டாப் பையை அணைத்தபடி
நான் வேறு எண்களைச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.
ஏழு, டிடிஎஸ்.
பதினொன்று, விற்பனைக் கணக்கு.
பதினைந்து, பிஎஃப், இஎஸ்ஐ.
இருபது வருவதற்குள்
பின்சீட்டில் யாரோ வாந்தி எடுத்துவிட்டார்கள்.

ஏற்காட்டில் புது பார்ட்டி, ஃபிலோமினா.
நாகலூர் போகும் வழியில் ஆறு அறை விடுதி,
பின்னால் காப்பித் தோட்டம், நிழல் மரமெல்லாம் மிளகு.
பான் அட்டை, ஆதார், கோடு போட்ட காசோலை,
மின்கட்டண ரசீது, பழைய ரிட்டர்ன் நகல்,
எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள்.
ஒவ்வொன்றாய் எடுத்துப் படம் பிடித்தேன்.
ஆட்கள் எத்தனை பேர் என்றேன்.
"சீசனுக்குப் பதினெட்டு. மழைக்கு நாலு."
பெட்டியில் ஓர் எண்தான் போடலாம்.
பதினெட்டு போட்டேன்.

முன்பு எங்கள் ஆபீசில் தேதிகள் எல்லாம்
ரவூஃப் அண்ணன் தலைக்குள் இருந்தன.
அவருக்கு டெங்கு வந்த ஓர் இருபதாம் தேதி
நாற்பத்து மூன்று பேர் அபராதம் கட்டினார்கள்.
இப்போது அந்தப் பேச்சே இல்லை.
விடுதி என்று ஒருமுறை தட்டினால் போதும்,
ஆண்டுக்கு எழுபத்தொரு வேலை தானாய் முளைக்கும்.
யார் செய்வது, யார் சரிபார்ப்பது,
எத்தனை நாள் முன்னால் உங்களுக்கு வாட்ஸ்அப்,
எல்லாம் அதற்குத் தெரியும்.
அந்த வார்ப்பை எழுதியவள் நான் என்பதைக்
கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"ஒருநாள் நான் மூடிட்டா
அதுவும் தானா நின்னுருமா?"

செவ்வாய்ப்பேட்டை. மாடியில் ஆபீஸ்,
கீழே மிளகாய் மண்டி.
தும்மிக்கொண்டேதான் கணக்கு முடிப்போம்.
இன்றைய பட்டியலில் முதல் பெயர்
வெங்கிடுசாமி, சேகோ ஆலைகளுக்குச் சாக்கு சப்ளை.
பிப்ரவரியிலிருந்து ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது,
கடனுக்கு டெம்போவும் போயிற்று.
மாதம் பிறந்தால் மட்டும் அவர் பெயரில் வேலை பிறக்கிறது.
வாங்கியது சுழி. விற்றது சுழி. வரி சுழி.
சுழி என்று சொல்லாமல் விட்டாலோ
நாளுக்கு இருபது ரூபாய் ஏறும்.
நம்பரை ஒப்படைத்துவிடலாமே என்று போன் செய்தேன்.
"இருக்கட்டும்மா. அதாவது ஓடட்டும்" என்றார்.
எங்கள் கூலி முந்நூறையும்
மாதாமாதம் ஜிபேயில் அனுப்பிவிடுகிறார்,
குறிப்பில் 'சாக்கு' என்று எழுதி.

ஃபிலோமினாவை ஏற்றுகிறேன்.
தொடக்கத் தேதி. பொறுப்பாளர். சரிபார்ப்பவர்.
கடைசிப் பெட்டி: எதுவரை?
காலியாக விட்டால் மென்பொருளே போட்டுக்கொள்ளும்,
முப்பத்தொன்று, டிசம்பர், இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
அன்றைக்கு அவருக்கு நூற்று முப்பத்தேழு வயது.
எனக்கு நூற்றிரண்டு.
கண்ணபிரான் சார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
"எல்லாருக்கும் அப்படியே விடுறதுதானே" என்றார்.
விட்டேன்.

இறங்கி வந்த பேருந்து ஞாபகம் வந்தது.
எட்டாம் வளைவு, மூடுபனி,
எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை.
ஓட்டுநர் நீளமாய் ஹாரன் அடித்தார்.
தடுப்புச் சுவரில் இருந்த குரங்கு
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அடித்த பிறகுதான் ஒடித்தார்.

வார்ப்பைத் திறந்து ஒரு வரி கூட்டினேன்.
ஏப்ரல் முதல் வாரம், ஆண்டுக்கு ஒருமுறை, எல்லாப் பார்ட்டிக்கும்:
போன் செய்து கேட்கவும், கடை நடக்கிறதா?
மெசேஜ் கூடாது.
பொறுப்பாளர் பெட்டியில் என் பெயர்.
எழுபத்திரண்டு.

சேமித்தேன்.
கீழே லாரியிலிருந்து மூட்டை இறங்கத் தொடங்கியது.
சார் தும்மினார்.
அடுத்தது நான்.